பாட்டு மனசுக்குள் ஓடட்டும், கை நிற்க வேண்டாம்

வீட்டில் ஒருவர் திடீரென்று சரிந்து விழுகிறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை. அந்த நேரத்தில் அவர் நெஞ்சை அமுக்க வேண்டியவர் பக்கத்தில் இருக்கிற நீதான். “நான் என்ன டாக்டரா?” என்று பின்வாங்காதே. மூளைக்கு ரத்தம் போகாமல் நாலைந்து நிமிஷம் ஆனாலே சேதம் ஆரம்பித்துவிடும். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து சேரும் என்று நம்பி உட்கார முடியாது.

இப்படி நெஞ்சை அமுக்கும் முதலுதவிக்கு சிபிஆர் என்று பெயர். அதில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். பதற்றத்தில் அந்தக் கணக்கு யாருக்கும் நிற்காது. அதற்குத்தான் பாட்டு. பீ ஜீஸ் குழுவின் 1977-ம் வருஷத்துப் பாட்டான ‘ஸ்டேயிங் அலைவ்’ நிமிஷத்துக்கு சுமார் 103 தட்டு ஓடும். 2012-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் இந்தப் பாட்டை வைத்தே ஒரு விளம்பரம் எடுத்து ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. உனக்கு அந்தப் பாட்டு தெரியாவிட்டால் கவலையே வேண்டாம். உனக்குத் தெரிந்த பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எப்படி என்று சொல்கிறேன், கேள்.

1. பாட்டை இன்றைக்கே தேர்ந்தெடு. கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்குக் காலால் தாளம் போடு. 25 முதல் 30 தட்டு வந்தால் அந்தப் பாட்டு சரி. அதோடு விடாதே. பாட்டை நிறுத்திவிட்டு, ஞாபகத்திலிருந்து முணுமுணுத்தபடி இன்னொரு தடவை எண்ணிப் பார். உனக்கு உதவப்போவது மனசில் இருக்கிற பாட்டுதான்.

2. அந்த நேரத்தில் போனில் பாட்டைத் தேடாதே. இந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். தேடி, விளம்பரம் ஓடி, பாட்டு வருவதற்குள் ஒரு நிமிஷம் போய்விடும். போனுக்கு அப்போது வேறு வேலை இருக்கிறது. ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அமுக்க ஆரம்பி.

3. வேகம் ஏறுகிற பாட்டு வேண்டாம். பஜனையில் நாமாவளி மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் கைதட்டல் பறக்குமே, அந்த மாதிரி எதுவும் ஆகாது. கெட்டிமேள வேகத்தில் அமுக்கினால், ஒவ்வொரு அமுக்கலுக்கும் நடுவில் இதயத்தில் ரத்தம் நிரம்ப நேரம் கிடைக்காது. நிரம்பாத குடத்தைக் கவிழ்த்தால் என்ன வரும்? தாலாட்டு மாதிரி இழுக்கிற பாட்டும் வேண்டாம்.

4. எண்ணுவதானால் பத்தோடு நிறுத்து. பாட்டு ஞாபகம் வரவில்லையா, வாய்விட்டு எண்ணு. ஆனால் தமிழில் முப்பது வரைக்கும் எண்ணிப் பார்: “ஏழு, எட்டு” என்று ஓடுகிற வாய் “இருபத்தி மூணு” வரும்போது இழுக்கும், கையும் கூடவே இழுபடும். அதனால் ஒண்ணிலிருந்து பத்து வரை மூன்று சுற்று போ. முப்பது கணக்கு வந்துவிடும், வேகமும் மாறாது.

5. பாட்டு பார்த்துக்கொள்வது வேகத்தை மட்டும். ஆழம் உன் பொறுப்பு. எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். இங்கிலாந்தில் ‘நெல்லி த எலிஃபன்ட்’ என்ற குழந்தைப் பாட்டைக் கேட்கவைத்து, பயிற்சிப் பொம்மையை அமுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அது 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாட்டு கேட்டபோது சரியான வேகத்தில் அமுக்கியவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் ஆழம் போதாத அமுக்கல்களும் கூடிவிட்டன.

எனக்கும் அதே அனுபவம்தான். பயிற்சி வகுப்பில் வைத்திருந்த பொம்மை, போதுமான ஆழம் போனால் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும். நான் மனசுக்குள் பாட்டை ஓட்டிக்கொண்டு தாளம் தப்பாமல் அமுக்குகிறேன், பொம்மையிடமிருந்து சத்தமே இல்லை. சொல்லிக்கொடுத்தவர் என் தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, மடங்கியிருந்த முழங்கையை நிமிர்த்திவிட்டார். அடுத்த அமுக்கில் ‘டிக்’. அதுவரை என் கை மட்டும் வேலை செய்திருக்கிறது, உடம்பின் பாரம் இறங்கவே இல்லை.

பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நெஞ்சின் நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வை. இன்னொரு கையை அதன் மேல் கோத்துக்கொள். முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேர் மேலே இருக்கட்டும். ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடு. கையை எடுக்க வேண்டாம், பாரத்தை எடுத்தால் போதும்.

6. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்று. “எனக்குச் சோர்வே இல்லை” என்று பிடிவாதம் பிடிக்காதே. உனக்குத் தெரியாமலேயே ஆழம் குறைந்துகொண்டிருக்கும். அடுத்தவர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுத் தயாராக இருக்கட்டும், அதே பாட்டை வாய்விட்டுப் பாடட்டும். கை மாறும்போது தாளம் அறுந்துபோகாது.

இதையெல்லாம் செய்யாதே:

- மெத்தையில் வைத்து அமுக்காதே. உன் பலமெல்லாம் பஞ்சுக்குத்தான் போகும். தரையில் இறக்கு.
- விட்டு விட்டுக் குறட்டை மாதிரி, தரையில் விழுந்த மீன் வாயைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரலாம். அதை மூச்சு என்று எண்ணி ஏமாறாதே. பலர் கையைக் கட்டி நிற்பது இதனால்தான்.
- மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு 10 விநாடிக்கு மேல் செலவழிக்காதே. நாடி பிடித்துப் பார்ப்பது உன் வேலை இல்லை.
- வாயில் தண்ணீர் ஊற்றாதே. கையில் சாவிக்கொத்தும் திணிக்காதே.
- விலா எலும்பு ‘மளுக்’ என்றால் பயந்து நிறுத்தாதே. எலும்பு கூடிவிடும்.
- கண்ணாடி வளையலைக் கழற்று. நகரவில்லை என்றால் மேலே தள்ளிவிட்டு ஆரம்பி.

பெரியவர்கள் திடீரென்று விழுந்தால், பயிற்சி இல்லாதவர்கள் நெஞ்சை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தால் போதும். குழந்தைகளுக்கும் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் அப்படியில்லை. வேகம் அதேதான், ஆனால் 30 அமுக்கலுக்கு 2 மூச்சு வாயால் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரல் போதும், சுமார் 4 சென்டிமீட்டர் ஆழம். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. வீட்டில் குழந்தையோ, கிணறோ தொட்டியோ இருந்தால், அரை நாள் ஒதுக்கி ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விடு. சாக்குச் சொல்லாதே.

வகுப்புக்குப் போகும்வரை ஒத்திகைக்குத் தலையணை போதும். உயிரோடு இருக்கிற ஆள் மேல் ஒருநாளும் பழகிப் பார்க்கக் கூடாது. இன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும், கெட்டியான தலையணை ஒன்றைத் தரையில் போட்டு மண்டியிடு. கடிகாரத்தை எதிரில் வை. உன் பாட்டை ஆரம்பித்து இரண்டு நிமிஷம் அமுக்கு. முதல் நிமிஷம் முடியும்போதே தோள் வலிக்கும், இரண்டாவதில் மூச்சு வாங்கும். அந்த வலி உனக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும். முடித்ததும், டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி அதே தலையணை முன்னால் மண்டியிட வை. நீ பக்கத்தில் நின்று பாடு.