மகப்பேறின்மைப் பரிசோதனையும் மனவேதனையும்

மணமாகி ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காவிடில் தம்பதிகள் மருத்துவரை நாடுதல் வேண்டும். மனைவிக்கு வயது 35-ஐக் கடந்திருப்பின் ஆறு மாதத்திற்குமேல் காத்திருத்தல் கூடாது. நம் கிராமங்களிலோ பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு ஆடவர் வயலுக்குப் போய்விடுகின்றனர். இது முறையன்று. ஏறத்தாழப் பாதித் தம்பதிகளில் ஆணிடமும் குறை காணப்படுகிறது. அவருக்குரிய விந்துப் பரிசோதனையோ வலியற்றது. 2 முதல் 7 நாள் வரை விலகியிருந்து கொடுத்தால் போதும். இதனை முதலிலேயே செய்துகொள்வது நலம்.

பெண்ணுக்குரிய கருக்குழாய்ப் பரிசோதனை அத்துணை எளிதன்று. மாதவிலக்கு நின்றபின், கருமுட்டை வெளிப்படுமுன், கருப்பை வாயின் வழியே சாயநீரைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பர். குழாயில் அடைப்பு உண்டா என்பது அதில் தெரியும். சில நிமிடங்களே ஆகும். எனினும் சாயநீர் ஏறுகையில் மாதவிலக்கு வலியைப்போல் அடிவயிறு பிசையும். சிலருக்குத் தலை சுற்றும். வலி மாத்திரையை முன்னதாகவே உட்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்க. வலி பொறுக்கவில்லையெனில் வாய்விட்டுச் சொல்லக் கூசவேண்டுவதில்லை. ஓரிரு நாள் சிறிது உதிரக் கசிவு இயல்பே. காய்ச்சலோ, கடும் வலியோ, மிகுந்த உதிரப்போக்கோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

மாதந்தோறும் எதிர்பார்த்து ஏமாறுவதும், முடிவுக்காகக் காத்திருப்பதும் அவ்வலியினும் கொடியவை. இந்நிலையில் ‘மலடி’ என்று ஏசுவதும், வளைகாப்பு வீட்டில் ஒதுக்கி நிறுத்துவதும் எத்துணைக் கொடுமை! இவ்வழக்கத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் இல்லத்தில் முதலில் நிறுத்துவார்களாக. பரிசோதனை நாளன்று கணவர் உடன் செல்லட்டும். அன்று நடவுக்கோ களையெடுப்புக்கோ மனைவியை அனுப்பவேண்டாம்.