மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண்மை போகுமா?

புரட்டாசி பிறந்தால் நாமக்கல்லில் முட்டை விலை இறங்கும், மீல் மேக்கர் புரளி கிளம்பும். "ஆம்பளைங்க அதைச் சாப்பிட்டா ஆகாதுங்களாமா, மார் வளருமாமா" என்று மளிகைக் கடையில் கேட்கிறேன். ஜிம் மாஸ்டர்களும் இதையே ஓதுகிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் குருமாவிலிருந்து ஒவ்வொரு உருண்டையாகப் பொறுக்கி ஓரம் கட்டுகிறார். அதே மனிதர் ஐப்பசி பிறந்ததும் பள்ளிபாளையம் சிக்கனை ஒரு கை பார்ப்பார்.

கோழித் தீவனத்தோடு பிழைப்பு நடத்திய எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அந்தச் சிக்கன் எதைத் தின்று வளர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? நூறு கிலோ பிராய்லர் தீவனத்தில் ஏறக்குறைய முப்பது கிலோ சோயா புண்ணாக்கு. மீதியில் பெரும்பங்கு மக்காச்சோளம். முட்டைக் கோழிக்கும் புரதம் பெரும்பாலும் சோயாவிலிருந்துதான். மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் அது வந்து இறங்காவிட்டால் நம் கொட்டகைகள் பட்டினி. 2021இல் அதன் விலை எகிறியபோது, பண்ணைக்காரர்கள் கூக்குரல் போட்டதால், மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கைக்கூட 12 லட்சம் டன் இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசு அனுமதித்தது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் அதே சோயாவை, மனிதர் உண்ணும் தரத்தில் மாவாக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி எடுத்தால் மீல் மேக்கர்.

தாய்க்கோழிப் பண்ணைச் சேவல் குஞ்சுப் பருவத்திலிருந்தே சோயா தின்கிறது. அதற்கு ஆண்மை போயிருந்தால் உங்கள் பண்ணைக்குக் குஞ்சு எங்கிருந்து வந்தது?

கோழி வேறு, மனுஷன் வேறு என்பீர்கள். சரி. புரளிக்கு விதை போட்டதும் ஒரு கால்நடைதான். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வகைத் தீவனப் பயிரை மேய்ந்த பெண் ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. அந்தப் பயிரில் இருந்த ஐசோஃபிளேவோன் என்ற பொருள், ஆட்டின் வயிற்றில் மாறி, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்தது. சோயாவிலும் ஐசோஃபிளேவோன் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் அதை மட்டுமே மேய்ந்து அசைபோட்ட ஆட்டுக்கு வந்ததை, வாரம் ஒரு நாள் குருமா சாப்பிடுகிறவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்? தவிர, அங்கே கெட்டது பெட்டை ஆடு. நம் ஆட்கள் கிடாவை நினைத்துப் பயப்படுகிறார்கள்.

மனிதர்களிடமே பார்த்தாயிற்று. ஆண்களுக்குச் சோயாவோ ஐசோஃபிளேவோனோ கொடுத்துப் பார்த்த 41 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, ஈஸ்ட்ரோஜன் கூடவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் அமெரிக்கக்காரர் கதை மட்டும் நிஜம். 2008இல் மருத்துவ இதழில் வந்தது. அறுபது வயதுக்காரர், மார்பு வீங்கியது. அவர் தினமும் குடித்தது மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவான சோயா பால்! நிறுத்தினார், சரியாகிவிட்டது. இந்தக் கடைசி வரியை ஃபார்வர்டு செய்கிறவர்கள் வெட்டிவிடுகிறார்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. மாத்திரை உடலில் சேர்வதைச் சோயா தடுக்கும், அதனால் இரண்டுக்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் தீவன மில்லில் புண்ணாக்கு சரியாக வெந்திருக்கிறதா என்று யூரியேஸ் சோதனை பார்க்கிறோம். மீல் மேக்கர் வெந்தே வருகிறது.

பிளாஸ்டிக் என்கிறார்களே? பிளாஸ்டிக் வெந்நீரைக் குடித்து மும்மடங்கு எடையாகாது. அடுத்த கேள்வி.

பாக்கெட்டில் போட்டிருக்கும் 52 சதவீதப் புரதம் காய்ந்த உருண்டைக்கான கணக்கு. ஆளுக்கு 25 கிராம் காய்ந்தது போட்டால் 13 கிராம் புரதம், சுமார் இரண்டு முட்டையின் அளவு. அது போதும். வைட்டமின் பி12 மட்டும் இதில் தேடாதீர்கள்.

காளானும் பலாக்காயும் கறிக்குச் சமம் என்பது நாக்குக்கு வேண்டுமானால் உண்மை. நூறு கிராமுக்கு மூன்று கிராம் புரதம் தேறினால் பெரிது. அதிலும் தள்ளுவண்டிக் காளானில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸும் மைதாவும். ஃப்ரீசரில் விற்கும் 'தாவர இறைச்சி'யில் பச்சை வீகன் முத்திரை இருந்தால், விலங்குப் பொருள் சேரவில்லை என்று அர்த்தம். எண்ணெயும் உப்பும் குறைவு என்று அர்த்தமில்லை.

எனக்கு வேறொரு ஆதங்கம். நம் நிலக்கடலை எங்கே போயிற்று? 1950களிலேயே மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கடலைப் புண்ணாக்கு மாவு 75 பங்கு, கடலைப் பருப்பு மாவு 25 பங்கு சேர்த்துப் புரத உணவு செய்து காட்டியது. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஒரு லட்சம் அளவுக்குச் செத்தன. பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. கடலையின் பெயர் கெட்டது, பின்னாளில் சோயா அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. குற்றம் கடலையுடையதல்ல, ஈரத்தோடு மூட்டை கட்டியவர்களுடையது. காயைப் பறித்த உடனே நன்றாக உலர்த்தி, சோதித்து வாங்கினால் பூஞ்சையை அடக்கலாம். மானாவாரியில் விளையும் பயிர், சோயா மாதிரி மத்தியப் பிரதேசத்துக்கு லாரி வாடகை கட்ட வேண்டியதில்லை.

ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்று கூட்டுறவு கண்டு தங்கள் சரக்குக்குச் சந்தை பிடித்தார்கள். கடலைக்காரர்களும் எண்ணெய்ச் செக்குக்காரர்களும் அப்படி ஒன்று கூடி, நல்ல புண்ணாக்கிலிருந்து உருண்டை செய்ய முன்வர வேண்டும். அதுவரை சோயா உருண்டையைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள்.