சாயம் எங்கே போட்டது என்று கேளுங்கள்

கேள்வி: திருமுல்லைவாயிலில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் நானும் என் கணவரும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறோம். பள்ளி விளையாட்டு விழா, பாதயாத்திரைக் குழு, கல்லூரி விழா என்று ஆர்டர்கள் வரும். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு ஐ.டி. கம்பெனி தன் ஆண்டு விழாவுக்கு 400 டீ-ஷர்ட் கேட்டிருக்கிறது. நிறம் கறுப்பு, முதுகில் பெரிய பிரிண்ட். சுற்றுச்சூழலைக் கெடுக்காத துணியாக இருக்க வேண்டும், அதற்குச் சான்றும் காட்ட வேண்டும் என்கிறார்கள். திருப்பூர் சப்ளையர் மூன்று சாம்பிள் அனுப்பியிருக்கிறார்: ஆர்கானிக் காட்டன், பழைய பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டர் கலந்தது, சாதாரண பயோவாஷ் காட்டன். ஆர்கானிக் விலை மிகவும் கூடுதல். எதை எடுப்பது?
- ஒரு வாசகி, திருமுல்லைவாயில்

பதில்: மூன்று சாம்பிளையும் சற்று ஓரமாக வையுங்கள். முதலில் பேச வேண்டியது கறுப்பு நிறத்தைப் பற்றி.

பருத்திக்கு இன்று பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான் போடுகிறார்கள். அந்தச் சாயம் தண்ணீரை விட்டு நூலில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி ப்ளூ, மெரூன் போன்ற அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல்கூட ஆகும். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. துணியில் பிடிக்காத சாயத்தோடு சேர்ந்து அத்தனையும் கழிவுநீரில் வெளியே வந்துவிடும். சாயத்தின் நிறத்தையாவது ஓரளவு சுலபமாக நீக்கலாம். கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

அந்த உப்பு என்ன செய்யும் என்பதற்கு நொய்யல் ஆறு சாட்சி. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. அணையைத் திறக்கச் சொல்ல வேண்டிய விவசாயிகளே, திறந்தால் நிலம் பாழாகும் என்று தடுக்க வேண்டிய நிலை வந்தது. கிணற்று நீர் உப்பானது, தென்னையும் மஞ்சளும் போயின. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை வெளியே விடுவதை நிறுத்த 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. சாயப்பட்டறைகள் அதை நிறைவேற்றாததால் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. ஒரு துளிக் கழிவுநீரையும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டவர்களே பிறகு படிப்படியாக இயங்க அனுமதிக்கப்பட்டார்கள்.

இந்தக் கதையை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்று கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வு வழியாகச் செலுத்தி நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பகுதியை மீண்டும் சாயம் போடப் பயன்படுத்திவிட்டு, மீதியைக் கொதிக்கவைத்து வற்றடிக்கிறார்கள். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிற்கிறது. இதற்கு ஆகும் மின்சாரமும் விறகும் ஒவ்வொரு கிலோ துணியின் சாயக் கூலியிலும் ஏறும். அதனால், சட்டப்படி சாயம் போட்ட கறுப்புத் துணி மலிவாக இருக்க முடியாது. ஊர் விலையைவிட மிகக் குறைத்து யாராவது கறுப்பு டீ-ஷர்ட் கொடுத்தால், அந்தக் குறைந்த விலையை எங்கோ ஒரு ஆறு கொடுக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பது இன்றும் அவ்வப்போது செய்தியில் வருகிறது. அங்கே ஓடுவது காவிரி.

ஆகவே சப்ளையரிடம் முதல் கேள்வி, “இது ஆர்கானிக்கா?” என்பதல்ல. “எந்த டையிங்கில் சாயம் போட்டது? அந்தப் பட்டறை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், அல்லது சொந்த நிலையம் வைத்திருக்கிறதா? மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதி நடப்பில் இருக்கிறதா?” இவற்றைக் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் பட்டறையின் பெயரைச் சொல்லிவிடுவார். “அதெல்லாம் மார்க்கெட்டில் எடுத்ததுங்க” என்று இழுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்து, அந்தக் கம்பெனியிடம் கறுப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். என் முதல் சிபாரிசு கோரா நிறம். சாயமே போடாமல், மெழுகும் அழுக்கும் போக மட்டும் கொதிக்கவைத்து எடுத்த துணி. பஞ்சின் இயல்பான மங்கிய வெண்மையும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பருத்திக்கொட்டையின் புள்ளிகளும் தெரியும். மேலே அடர் நிற மையில் ஒற்றை வண்ணப் பிரிண்ட் அடித்தால் அழகாகவே இருக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தினமும் பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கழுத்துப்பட்டி சீக்கிரம் அழுக்காகுமே என்று அவர்கள் சொன்னால் அதுவும் நியாயம்தான். அப்படியானால் கிரே மெலாஞ்ச் கேளுங்கள். அதில் நூற்பதற்கு முன்பே சாயம் ஏற்றிய கொஞ்சம் பஞ்சை வெள்ளைப் பஞ்சோடு கலக்கிறார்கள், துணி முழுவதும் சாயத் தொட்டியில் இறங்குவதில்லை. அழுக்கும் சட்டென்று தெரியாது.

இனி உங்கள் மூன்று சாம்பிள்கள்.

ஆர்கானிக் பருத்தி நல்லது. பூச்சிக்கொல்லியும் ரசாயன உரமும் இல்லாத விவசாயம் உழவரின் உடலுக்கும் மண்ணுக்கும் செய்யும் நன்மை உண்மையானது. உலகிலேயே அதிக ஆர்கானிக் பருத்தி விளைவதும் இந்தியாவில்தான். பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசாவிலிருந்து வருகிறது. ஆனால் பஞ்சைப் பார்த்து ஆர்கானிக்கா இல்லையா என்று சொல்ல முடியாது, காகிதத்தைத்தான் நம்ப வேண்டும். அந்தக் காகிதத்திலேயே மோசடி நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில் காட்ஸ் எனப்படும் உலக ஆர்கானிக் ஜவுளிச் சான்று அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலி ஆவணங்கள் காட்டப்பட்டதைக் கண்டுபிடித்து 11 நிறுவனங்களை விலக்கியது. ஆகவே லேபிளில் உள்ள உரிம எண்ணைக் காட்ஸ் அமைப்பின் பொதுப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். நிறுவனத்துக்குக் கொடுக்கும் சான்று வேறு, குறிப்பிட்ட சரக்குக்குக் கொடுக்கும் பரிமாற்றச் சான்று வேறு. முதலாவதை மட்டும் நீட்டினால், “இந்த லாட்டுக்கு உரியது எங்கே?” என்று இரண்டாவதைக் கேளுங்கள்.

காட்ஸ் சான்றுக்கு இன்னொரு பெரிய பயன், அது பஞ்சோடு நிற்பதில்லை. சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை எல்லாவற்றையும் பார்க்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற லேபிளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது துணியில் உடலுக்குக் கெடுதலான பொருள் இல்லை என்று மட்டும் சொல்லும். ஆற்றைப் பற்றியோ விவசாயத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

பாட்டில் பாலியஸ்டரை இந்த ஆர்டருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாட்டிலை மீண்டும் பாட்டிலாக்க வழி இருக்கிறது. பருத்தியோடு கலந்து டீ-ஷர்ட்டாக்கிவிட்டால் அதற்குப் பிறகு குப்பைமேடுதான். துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளும் கழன்று தண்ணீரில் போகும். சென்னை வெயிலில் வியர்வை நாற்றமும் அதில் தங்கும், அதனால் சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடும். பிரிண்டிங் செய்யும் உங்களுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. அடர் நிறப் பாலியஸ்டரில் 160 டிகிரி சூட்டில் கியூரிங் செய்தால் துணியின் சாயம் ஆவியாகி வெள்ளை மையில் ஏறி, மறுநாள் பிரிண்ட் நிறம் மாறித் தெரியும். அத்தனை பீஸும் ரிஜெக்ட்.

இங்கே நான்காவது வழி ஒன்றையும் சொல்ல வேண்டும். கட்டிங் டேபிளில் விழும் துணித் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, அரைத்துப் பஞ்சாக்கி, ஓ.இ. எனப்படும் ஓப்பன் எண்டு மில்களில் மறுபடி நூற்கிறார்கள். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இது பழைய தொழில். பழைய நிறமே நிற்பதால் புதுச் சாயம் வேண்டாம். அரைக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் பெரும்பாலும் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலப்பார்கள். பருத்தி மட்டும் கலந்ததாகக் கேளுங்கள். துணி சற்றுச் சொரசொரப்பாக, மயிரெழும்பி இருக்கும். நுணுக்கமான கோடுகள் அதில் நிற்காது. பெரிய எழுத்து என்றால் தாராளமாகப் போகலாம், கனமும் 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு) மேல் இருக்கட்டும்.

சாதாரண பயோவாஷ் காட்டனை ஒதுக்க வேண்டியதில்லை. பயோவாஷ் என்பது என்சைம் கொண்டு துணிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அகற்றுவது. நல்ல கோம்டு நூல், ஒழுங்காகக் காம்பாக்டிங் செய்த துணி, சாயம் எங்கே போட்டது என்ற கேள்விக்கு நேரான பதில் மூன்றும் இருந்தால், ஐந்து வருடம் உடுத்தப்படும் சாதாரண டீ-ஷர்ட், இரண்டே துவைப்பில் முறுக்கிக்கொள்ளும் ஆர்கானிக் டீ-ஷர்ட்டைவிட எனக்கு உயர்ந்தது.

உழைக்குமா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சாம்பிளைத் தியாகம் செய்யுங்கள். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி நகைத் தராசில் போட்டால், 1.8 கிராம் என்பது 180 ஜி.எஸ்.எம். சொன்னதும் நிறுத்ததும் ஒன்றா என்று உடனே தெரியும். இன்னொரு பீஸில் 25 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள், ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கினால் வேண்டாம். பக்கத் தையல் முன்பக்கம் திரும்பி வந்தாலும் வேண்டாம். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: உள்ளே இறங்காமல் உருண்டு நின்றால் சிலிக்கான் சாஃப்ட்னர் அதிகம் போட்டிருக்கிறார்கள். கையில் பட்டாக இருக்கும், ஆனால் உங்கள் மை பிடிக்காமல் சில துவைப்பில் உதிரும். பிரிண்டிங்குக்கான பீஸ் என்று முன்னமே சொல்லி வாங்குங்கள்.

மை விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிசால் வேலைக்குச் சுலபம், மெஷ்ஷில் காயாது. ஆனால் அது பி.வி.சி. பிளாஸ்டிக். காட்ஸ் விதிகளில் அதற்கு இடமே இல்லை. ஆர்கானிக் துணி வாங்கி முதுகு முழுக்க பிளாஸ்டிசால் அடித்தால், அவ்வளவு விலை கொடுத்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். அடர் நிறத் துணியில் டிஸ்சார்ஜ் பிரிண்ட் அடிக்கச் சிலர் சொல்வார்கள்; அதில் ஃபார்மால்டிஹைடு வெளிவரும். வீட்டை ஒட்டிய ஷெட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில், அது கூடவே கூடாது. வெளிர் துணி எடுத்தால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பிக்மென்ட் மையே போதும். காற்றும் உள்ளே போகும், தொட்டாலும் பிசுபிசுக்காது. அடியில் வெள்ளை மை அடித்தளம்கூடத் தேவைப்படாது. கறுப்பை விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கிரீன் கழுவும் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள். அம்பத்தூர்ப் பக்கத்துக் கழிவுநீரும் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு என்பது உங்கள் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். கழுவும் முன் மிச்ச மையை ஸ்கீஜியால் வழித்து டப்பாவில் எடுத்துவிடுங்கள், அடுத்த ஆர்டருக்குக் கலக்கலாம். கழுவிய தண்ணீரை டிரம்மில் தெளியவைத்து, அடியில் தங்கும் வண்டலைத் தனியாகக் காயவையுங்கள்.

எண்ணிக்கையையும் கம்பெனியோடு பேசுங்கள். நானூறு பேருக்கும் சைஸ் கேட்டு வாங்கிய பிறகே ஆர்டர் போடுங்கள், பெண்களுக்குத் தனி அளவு உண்டா என்றும் கேளுங்கள். கடைக்கார விகிதத்தில் எஸ், எம், எல் என்று வாங்கினால் கணிசமான பீஸ் யாருக்கும் பொருந்தாமல் கிடக்கும். துணியாகத் திருப்பூரிலிருந்து எடுத்து இங்கேயே தைக்கும் வழியும் உண்டு. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்கள் அம்பத்தூரைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். ஆவடியில் 1961 முதல் இராணுவச் சீருடை தைத்துவரும் ஓ.சி.எஃப். (ஆர்டனன்ஸ் க்ளோதிங் ஃபேக்டரி) தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் உண்டு. ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின் வைத்து ஜாப்வொர்க் செய்யும் யூனிட் ஒன்றைத் தேடிக்கொண்டால் அடுத்த ஆர்டர்களுக்கும் உதவும்.

முதுகில் பெரிய பிரிண்ட் வேண்டாம், ஆண்டு வேண்டாம் என்றும் தைரியமாகச் சொல்லுங்கள். “ஆண்டு விழா” என்றும் வருடமும் போட்ட சட்டையை யாரும் மறுவருடம் வெளியே போட்டுக்கொண்டு போவதில்லை. அது வண்டி துடைக்கப் போய்விடும். இடது மார்பில் கையகலச் சின்னம் போதும். மை செலவும் குறையும், மிச்சமாகும் பணத்தில் நல்ல துணிக்கு மாறலாம்.

கடைசியாக, சான்று. காட்ஸ் சின்னத்தை நீங்கள் அச்சடித்த டீ-ஷர்ட்டிலோ பில்லிலோ போடக் கூடாது. பஞ்சிலிருந்து கடைசிப் பிரிண்ட் வரை ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருந்தால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம், உங்கள் ஷெட் அந்தச் சங்கிலியில் இல்லை. அதற்குப் பதிலாகக் கம்பெனிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த மில் நூல், எந்த டையிங் அல்லது சாயமே இல்லை, எந்த மை, எத்தனை டிகிரியில் கியூரிங், எத்தனை சதவீதம் சுருக்கம் என்று எழுதி, சப்ளையர் தந்த சான்றின் நகலையும் இணையுங்கள். ஆர்கானிக் சான்று இல்லாத துணி என்றால் இல்லை என்றே எழுதுங்கள். விலைப் பட்டியலோடு கோரா துணியில் அடித்த ஒரு சாம்பிளையும், மூன்று முறை துவைத்த இன்னொன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.