சேவலின் தாய் என்ன நிற முட்டை இட்டது?
நிற முட்டைக் கோழி வளர்க்க வருகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பும் பலா மரமும் உள்ள வீடுகளில் நாலு கோழியாவது மேயும். இப்போது இளைய பிள்ளைகள் சிலர் நீல முட்டை, பச்சை முட்டை, காப்பி நிற முட்டை இடும் கோழிகளை வளர்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். அதில் பணமும் மனமும் வீணாகாமல் இருக்க, கோழிகளோடு வயதாகிப்போனவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் நாட்டுக்கோழியை ஒரு வருடம் வளர்த்துப் பாருங்கள். வெயில், மழை, நோய், பருந்து எல்லாவற்றையும் தாண்டி ஒரு தாய்க்கோழியின் குஞ்சுகளை முட்டைப் பருவம் வரை கொண்டுவரத் தெரிந்த பிறகு விலை உயர்ந்த கோழியை வாங்கலாம். அந்தப் பழக்கம் இல்லாதவர் கையில் சீமைக்கோழி ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

2. நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோழிமுட்டை ஓட்டுக்கு அடிப்படை நிறம் வெள்ளை. அதில் சேரும் சாயங்கள் இரண்டு. நீலச் சாயம் ஓடு உருவாகும்போதே உள்ளும் புறமும் ஊறிவிடும். பழுப்புச் சாயம் முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் மேலே பூசப்படுவது. நீல முட்டையை உடைத்து உள்சவ்வை உரித்துப் பாருங்கள், உட்புறமும் நீலமாக இருக்கும். பழுப்பு முட்டைக்கு உட்புறம் வெள்ளை. பச்சை முட்டை என்பது நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூச்சு. அதன் உட்புறம் நீலம். தீனியை மாற்றி ஓட்டின் நிறத்தை மாற்ற முடியாது. கீரையும் பச்சைத் தழையும் கொடுத்தால் மஞ்சள் கருதான் நிறம் ஏறும். கருங்கோழி கருப்பு முட்டை இடும் என்று சொல்லி யாராவது விற்றால் நம்பாதீர்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தின் கடக்நாத், 2018-இல் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு பெற்ற இனம். தோல், இறைச்சி எல்லாம் கருப்பு. முட்டை மட்டும் வெளிர்ப் பழுப்புதான்.

3. சேவலில் கவனம் வையுங்கள். பெட்டையின் முட்டை நிற வழியை அதன் முட்டையே காட்டிவிடும். சேவல் முட்டை இடாது. ஆனால் பிறக்கும் பெட்டைக்கு நிறத்தில் பாதி அதனிடமிருந்துதான் வருகிறது. ஆகவே சேவல் வாங்கும்போது இறகின் பளபளப்பில் மயங்காமல், அது எந்த நிற முட்டையிலிருந்து பொரித்தது, அதன் தகப்பன் வழி என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

4. கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அரக்கானா கோழி நீல முட்டைக்குப் பேர்போனது. நீலத்துக்குக் காரணம் ஒரே மரபணு, அது ஓங்கி நிற்பது என்று இங்கிலாந்தின் மரபியலாளர் பன்னெட் 1933-இலேயே எழுதினார். அந்த மரபணு இரட்டையாக உள்ள சேவலை நம் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டையோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் எல்லாம் நீலமோ வெளிர்ப் பச்சையோ இடும். கரும்பழுப்பு முட்டையிடும் மாரன்ஸ் போன்ற இனத்தோடு சேர்த்தால் ஆலிவ் பச்சை வரும். அந்தப் பச்சைப் பெட்டையை மறுபடி பழுப்பு வழிச் சேவலோடு சேர்த்தால், மகள்களில் சுமார் பாதி பச்சை, பாதி பழுப்பு. பழுப்புக்குக் காரணம் பல மரபணுக்கள் என்பதால், அதன் அடர்த்தி ஒரே தலைமுறையில் கைக்கு வராது. அடர்த்தியாக இடுவதையே தேர்ந்து தேர்ந்து வளர்க்க வேண்டும்.

5. கொண்டையைப் பாருங்கள். நீல மரபணுவும் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன. அரக்கானா வழிக் கோழியை ஒற்றைக் கொண்டை நாட்டுக்கோழியோடு சேர்த்துவந்தால், பட்டாணிக் கொண்டையுள்ள குஞ்சுகளில் பெரும்பாலானவை நீலத்தையும் சுமந்திருக்கும். முட்டையிடும் வரை காத்திராமல் குஞ்சிலேயே கழிக்க இது உதவும். சண்டைக்கோழிக்கும் பட்டாணிக் கொண்டை உண்டு, அதில் நீலம் கிடையாது. ஆகவே அந்த இரத்தம் கலந்த கூட்டத்தில் இந்தக் குறி பயன்படாது.

6. பொறுத்திருங்கள். அடை 21 நாள், முதல் முட்டைக்குச் சுமார் ஆறு மாதம். இரண்டு தலைமுறை பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பத்துக் குஞ்சு பொரித்தால் ஏறக்குறைய ஐந்துதான் பெட்டை. மிஞ்சும் சேவல்களை எங்கே விற்பது, எப்படிக் கறிக்கு அனுப்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

7. சேவலை மாற்றினால் மூன்று வாரம் அடை வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கும். அவசரப்பட்டால் யாருடைய குஞ்சு என்றே தெரியாது. காலில் வண்ண வளையம் போடுங்கள். முட்டையில் பென்சிலால் தேதியும் பெட்டையின் எண்ணும் எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். அது இல்லாமல் கலப்பினம் செய்யவே இறங்காதீர்கள்.

8. அடைக்குச் சிறுவிடையை நம்புங்கள். அதிகம் முட்டையிடுவதற்காக உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற கோழிகள் அடைக்கு உட்காருவது அரிது. நம் சிறுவிடை பத்துப் பன்னிரண்டு முட்டையை அணைத்து, குஞ்சைக் கூட்டி மேய்த்து, பருந்தைக் கண்டால் இறக்கைக்குள் சேர்த்துக்கொள்ளும். முட்டையைக் கூர் முனை கீழே இருக்கும்படி நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அடை வையுங்கள். பயணத்தில் வந்த முட்டையை ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகே அடைக்கு எடுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையைக் கழியுங்கள்.

9. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாமல் ஒரு கோழியும் வைக்காதீர்கள். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, மருந்தை ஐஸில் வைத்து எடுத்து வந்து உடனே போடுங்கள். வெளியிலிருந்து வந்த கோழியை மூன்று வாரமாவது தனியே அடைத்து வைத்துப் பிறகு கூட்டத்தில் விடுங்கள். கழிச்சல் வந்துவிட்டால் மருந்து இல்லை. பல வருட உழைப்பு ஒரே வாரத்தில் போய்விடும்.

10. தோப்பைத் தெரிந்து வளர்த்து வாருங்கள். முந்திரி பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசுவுக்கு மருந்தடிப்பார்கள். பக்கத்துத் தோப்பில் எப்போது அடிக்கிறார்கள் என்று கேட்டு, அந்த நாட்களில் கோழியை அடைத்துப் போடுங்கள். முந்திரிக்கொட்டைத் தோட்டைக் கூண்டில் பரப்பாதீர்கள். அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நெல் உமி போதும். பலா மரத்தில் அடையும் கோழியை மரநாய் கொண்டுபோகும், ஆகவே பொழுது சாய்வதற்குள் கூண்டுக்குப் பழக்குங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த ஊர் இது. கூண்டின் கூரையைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். ஓடு உறுதியாக, கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும்.

11. விற்பதில் நேர்மை வேண்டும். நீல முட்டைக்கு வெள்ளை முட்டையைவிடச் சத்து அதிகம் என்று சொல்லாதீர்கள். ஓட்டின் நிறம் சத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அழகுக்காகவும் புதுமைக்காகவும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லியே விற்கலாம். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிறவர்கள் இருக்கும் காலத்தில், நம்பிக்கைதான் உங்கள் முதல். வெளிநாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் முட்டையோ குஞ்சோ தருவிப்பது சட்ட விரோதம். நோயையும் கூடவே கொண்டுவரும்.

12. கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. சிறுவிடைக் கூட்டம் ஒன்றைக் கலப்பில்லாமல் தனியே வையுங்கள். ஊரில் எல்லோரும் நிறத்தின் பின்னால் ஓடினால் அடைகாக்கும் குணமும், வெயில் தாங்கும் உடலும், தானே தீனி தேடும் புத்தியும் நம் கோழியிடமிருந்து போய்விடும். நீல மரபணுவை எப்போது வேண்டுமானாலும் ஒரு சேவல் வழியாகக் கொண்டுவரலாம். போன சிறுவிடையைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சேவலும் இல்லை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல், வருடத்துக்கு ஒரு முறை வேறு ஊர்ச் சிறுவிடைச் சேவல் என்று அந்தக் கூட்டத்தை நடத்துங்கள். நிற முட்டை வளர்க்க வரும் ஒவ்வொருவரும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.