பழைய பைபர் படகும் எஞ்சினும் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முண்டியம்பாக்கம் வட்டாரத்தில் கரும்புக்கும் நெல்லுக்கும் ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைத்துப் பழகியவர்கள் பலர் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கே, மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையுள்ள கடற்கரையில் பைபர் படகுகளை ஓட்டுவதும் அதே இனத்தைச் சேர்ந்த சிறு டீசல் எஞ்சின்தான். வயலில் எஞ்சின் நின்றால் பாத்தி காயும். கடலில் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதன்முறையாகப் பழைய படகு வாங்குவோர் அவசரப்படக் கூடாது.

ஒரு காலத்தில் இக்கரையில் கட்டுமரங்களே மிகுதி. மணற்கரையில் ஏற்றி இறக்கத்தக்க படகுகளை உருவாக்கும் முயற்சியில், 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் ஈடுபட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான பைபர் படகுகள் வழங்கப்பட்டன. அவசரத்தில் தரக்குறைவாகக் கட்டப்பட்டவையும் அவற்றில் இருந்தன. எனவே படகு எந்த ஆண்டில், எங்கே கட்டப்பட்டது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

படகைச் சோதித்தல்

படகைக் கரையில் ஏற்றி, நன்கு உலர்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஈரமும் புதுப் பெயிண்டும் வெடிப்பை மறைத்துவிடும். மரச்சுத்தியால் அடிப்பாகம் முழுவதும் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வரும். மந்தமாக ஒலித்தால் உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருக்கலாம், அல்லது நீர் புகுந்திருக்கலாம்.

மணலில் இழுபடுவதால் அடிப்பாகம் தேயும். கண்ணாடி இழைகள் வெளியே தெரிந்தால் அந்த வழியாகப் படகு நீர் குடிக்கும். சிறு கொப்புளங்களைக் குத்தும்போது புளித்த வாடையுடன் நீர் கசிந்தால், நீர் ஏற்கெனவே ஊறிவிட்டது என்று பொருள்.

எஞ்சின் பொருத்தும் பின்பலகையே மிக முக்கியம். பைபர் உறைக்குள் மரம் வைத்துக் கட்டிய பலகையானால், போல்ட் துளை வழியே நீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். இருவர் எஞ்சினைப் பிடித்து அசைக்கும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால் அப்படகை விட்டுவிடுவதே நல்லது. மிதவைப் பெட்டிகளில் நீர் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குவது அப்பெட்டிகள்தான்.

எஞ்சினைச் சோதித்தல்

எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பச் சொல்ல வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் எளிதில் கிளம்பும், குறை தெரியாது. கிளப்புமுன் கைப்பிடியால் மெல்லச் சுற்றினால் அழுத்தம் கையில் உறைக்க வேண்டும். சுலபமாகச் சுற்றினால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம்.

புகையும் பாடம் சொல்லும். நீலப் புகை, எஞ்சின் ஆயிலை எரிக்கிறது என்பதன் அடையாளம். சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, டீசல் சரியாக எரியவில்லை என்பதைக் காட்டும். கரும்புகைக்கு அதிகச் சுமை, அடைபட்ட காற்று வடிகட்டி அல்லது கெட்டுப்போன இன்ஜெக்டர் காரணமாகலாம். ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. நீண்ட தண்டு வளைந்துள்ளதா, அதன் பேரிங் ஆடுகிறதா, நுனியிலுள்ள விசிறியின் இதழ்கள் சிதைந்துள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகக் குதிரைசக்தியே சிறந்தது என்று எண்ண வேண்டாம். கனத்த எஞ்சின் பின்பலகையை வருத்தும். டீசல் செலவும் கூடும். அதே கரையில் பலர் பயன்படுத்தும் எஞ்சினை வாங்கினால் உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் அருகிலேயே கிடைப்பர்.

விலை பேசுமுன்

சுமை ஏற்றி, அனுபவமுள்ள மீனவருடன் அரைமணி நேரமாவது கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பியதும் படகின் உட்புறத்தில் எவ்வளவு நீர் சேர்ந்துள்ளது என்று பார்த்தால் கசிவு தெரியும். உயிர்காப்பு மிதவைச் சட்டை இல்லாமல் இச்சோதனைக்குப் போகக் கூடாது.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ன்படி மீன்பிடி படகு பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா, கடன் பாக்கி ஏதும் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே முன்பணம் தர வேண்டும். பதிவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதவர் அரசுச் சலுகைகளை எதிர்பார்க்க முடியாது.

கையிலுள்ள பணம் முழுவதையும் படகில் போட்டுவிட்டு, பழுதுச் செலவுக்கு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவோர் உண்டு. பிறகு பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கே தர நேரிடும். விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பழுதுக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டு வாங்கினால், சொந்தப் படகின் வருமானம் சொந்தக்காரருக்கே வந்து சேரும்.