துவாலுத் தீவுகள்

பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடையே, நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே அமைந்த சிறு நாடு துவாலு. ஒன்பது தீவுகள் சேர்ந்த இந்நாட்டின் நிலப்பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டரே ஆகும். மக்கள் ஏறத்தாழ 11,000 பேர். புனாபுட்டி இதன் தலைநகர். முற்காலத்தில் எட்டுத் தீவுகளிலேயே மக்கள் குடியிருந்தனர். அதனால், 'எட்டும் கூடி நிற்பது' என்னும் பொருளுடைய துவாலு என்பது நாட்டின் பெயராயிற்று.

இங்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. கடலில் வாழும் பவள உயிர்களின் கூடுகள் நெடுங்காலம் படிந்து படிந்து இத்தீவுகள் தோன்றின. கடலில் அமிழும் எரிமலைகளின்மேல் பவளம் வளர்ந்து இத்தகைய தீவுகள் ஆயின என்பது டார்வின் என்னும் அறிஞரின் கருத்து. அதனை ஆராய்வதற்காக 1896 முதல் 1898 வரை புனாபுட்டியில் ஆழ்துளை இட்டனர். 300 மீட்டருக்கு மேல் தோண்டியும் பவளப் பாறையே காணப்பட்டது.

இம்மக்கள் பாலினீசிய இனத்தவர். தென்னையும் மீனும் இவர்களுக்கு வாழ்வளிப்பன. சேம்பின் இனத்தைச் சேர்ந்த புலாகா என்னும் கிழங்கினையும் பயிரிடுவர். மணல் நிலத்தில் நன்னீர் ஊறும் அளவிற்குக் குழி தோண்டி, இலைதழைகளை உரமாக இட்டு அதனை வளர்ப்பர். கூரைமேல் விழும் மழைநீரைத் தொட்டிகளிற் சேர்த்துப் பருகுவர். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இந்நாடு, 1978ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று விடுதலை பெற்றது.

வாழ்வளித்த கடலே இன்று இவர்களுக்கு அச்சமும் தருகின்றது. நாட்டின் மிக உயர்ந்த இடமும் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரமே உடையது. உலகம் வெம்மையுறுதலால் கடல்மட்டம் உயர்கின்றது. உவர்நீர் புகுந்தால் புலாகாக் குழிகள் பாழாகும். 2021ஆம் ஆண்டில் அமைச்சர் சைமன் கோபே முழங்காலளவு கடல்நீரில் நின்று உரையாற்றி, இத்துன்பத்தை உலகோர்க்கு உணர்த்தினார். 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவுடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் 280 பேர் வரை அங்குச் சென்று குடியேறலாம். அவ்வாய்ப்பை நாடிப் பெயர் பதிந்தோர் பலர்.

எனினும் இவர்கள் தம் நாட்டைக் கைவிட்டாரல்லர். புனாபுட்டியில் கடலைத் தூர்த்து ஏழு எக்டேர் அளவிற்குப் புதுநிலம் அமைத்துள்ளனர். நிலத்தைக் கடல் கொள்ளினும் துவாலு என்னும் நாடு அழியாது நிலைபெறும் எனத் தம் அரசியலமைப்பிலும் 2023இல் எழுதிவைத்தனர். உலகை வெம்மையுறச் செய்ததில் இவர்கள் பங்கு மிகச் சிறிது; உறும் துன்பமோ பெரிது. ஓரிடத்தில் எழும் புகை தொலைவில் உள்ளோரையும் வருத்தும் என்னும் உண்மையைத் துவாலு நமக்கு உணர்த்துகின்றது.