பெயர் எழுதப்படாத பாடலாசிரியர்கள்

பாடலாசிரியர் என்றதும் கண்ணதாசன், வாலி, நா. முத்துக்குமார் முதலிய பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. விருப்பமான பாடலாசிரியரை நேரில் கண்டு, "இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது?" என்று கேட்க ஆசைப்படாதவர் குறைவு. கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் பாடலாசிரியர்கள் பலர் வாழ்ந்தனர். அவர்கள் பால்மரம் வெட்டிய தொழிலாளர்கள். அவர்கள் பெயர் எந்த இசைத்தட்டிலும் அச்சாகவில்லை.

பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமரம் தோட்டம் உள்ளது. அதன் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. 1917ஆம் ஆண்டில், இந்நாட்டில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது இங்கேதான். அதைப் பயிரிட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புதினம், 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றது. துரை எழுதிய நூலை உலகம் அறிந்தது. தோட்டத் தொழிலாளர் கட்டிய பாடல்களோ லயத்து வீடுகளைத் தாண்டி அதிகம் செல்லவில்லை.

அந்தப் பாடல்கள் எப்படிப் பிறந்தன? முதலில் மெட்டு வந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள் தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றின் மெட்டுகளை மனத்தில் சுமந்து வந்தனர். மெட்டு பழையது, வாழ்க்கை புதியது. ஆகவே, பழைய மெட்டில் புதிய சொற்கள் ஏறின. வயலும் வரப்பும் இருந்த இடத்தில் பால்மரமும் மங்கும் வந்தன. கப்பல் பயணம், கங்காணியின் கெடுபிடி, விடியற்காலைப் பெரட்டு, அட்டைக்கடி, சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் ஆகிய அனைத்தும் தோட்டப் பாடல்களுக்குப் பொருளாயின.

மரம் வெட்டுபவரின் இரு கைகளும் வேலையில் இருக்கும். வாய் மட்டும் ஓய்வாக இருக்கும். எழுதத் தாளும் இல்லை. எழுதத் தெரிந்தவரும் குறைவு. அப்படியிருக்க, கட்டிய பாட்டு மறந்துபோகாமல் இருந்தது எப்படி? எதுகையும் மோனையும் அதற்குத் துணைநின்றன. ஓர் அடியின் முதல் சொல் நினைவுக்கு வந்தால், அதே ஓசையைப் பற்றிக்கொண்டு அடுத்த அடியும் வந்துவிடும். தேர்வுக்காக இன்று மனனம் செய்யப்படும் எதுகை மோனை, அன்று எழுத்தறியாதவரின் ஏடாக விளங்கியது.

ஒருவர் கட்டிய பாட்டு அவரோடு நின்றுவிடவில்லை. ஒருவர் ஓரடி பாட, மற்றொருவர் அடுத்த அடியைச் சேர்த்தார். பொருந்தாத சொல் பாடப் பாட உதிர்ந்தது. பொருந்திய சொல் நிலைத்தது. ஒப்பாரியில் மெட்டும் உவமையும் ஊருக்குப் பொதுவானவை. இறந்தவரின் பெயர், உறவு, அவர் பட்ட பாடு ஆகியவற்றை அந்த நேரத்திலேயே இணைத்துப் பாடுவது பாடுபவரின் திறமை.

திரைப்பாடலும் இந்த முறைக்கு வெகு தொலைவில் இல்லை. எம். எஸ். விசுவநாதன் மெட்டை வாசித்துக் காட்ட, கண்ணதாசன் அதற்கேற்ற வரிகளை வாயாலேயே சொல்வார். பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர் எழுதிக்கொள்வார். கவியரசரும் தோட்டத்துப் பாட்டியும் மெட்டைக் காதால் வாங்கி, சொல்லை நாவால் தந்தவர்களே. ஆனால், பாட்டியின் அருகில் எழுதிக்கொள்ள எவரும் இல்லை.

காலப்போக்கில் பல ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறின. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் நகரங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். சேர்ந்து பாடியவர்கள் பிரிந்ததும் பாட்டும் மங்கத் தொடங்கியது. எஞ்சியதைக் காக்கச் சிலர் முன்வந்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முனைவர் இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார். எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமியும் அத்தகைய பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார்.

ஆயினும், நூலில் சேராத பாடல்கள் இன்னும் சில முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களைச் சந்திக்கச் செல்பவர், "ஒரு பாட்டுப் பாடுங்கள்" என்று மட்டும் கேட்டால் போதாது. இந்த மெட்டை யாரிடம் கேட்டீர்கள்? என்ன வேலை செய்யும்போது பாடினீர்கள்? உடன் பாடியவர்கள் யார்? நீங்களாகச் சேர்த்த அடி எது? இவற்றையும் கேட்க வேண்டும். ஒலிப்பதிவு செய்வதற்குமுன் அவருடைய இசைவைப் பெறுதல் முறையாகும். அவர் விரும்பினால், பாட்டை எழுதி முடித்ததும் அதன் கீழே அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதலாம். இத்தனை காலம் விடுபட்டிருந்தது அந்த ஒரு வரிதான்.